எட்டு மைக், ஒரு குரல்

மேடையில் எட்டுப் பேர் அரைவட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆளுக்கொரு மைக். பேசுவது ஒருவர்தான். மற்ற ஏழு மைக்குகளும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கின்றன? அவையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. மின்விசிறியின் இரைச்சல், ஏசியின் உறுமல், பக்கத்தில் இருப்பவர் தாளைப் புரட்டும் சத்தம், ஸ்பீக்கரிலிருந்து மேடைக்குத் திரும்பி வரும் ஒலி, பேசுபவரின் குரலே சற்றுத் தாமதமாகவும் சுவரில் பட்டுத் தெறித்தும் வரும் வடிவம், இவ்வளவையும் அள்ளி மிக்சருக்கு அனுப்புகின்றன. கலந்துரையாடலில் பேச்சு புரியாமல் போகும்போது நாம் பேசுபவரின் மைக்கைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் கெடுத்திருப்பது பேசாதவர்களின் மைக்குகள்.

முன்வரிசையில் இருப்பவரின் காதுக்கு இதே அறையில் இவ்வளவு தொல்லை இல்லை. அவரால் மின்விசிறியை ஒதுக்கிவிட்டுப் பேச்சை மட்டும் கேட்க முடிகிறது. இதை முறையாகச் சோதித்தவர் கொலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1953இல் வெளியான அவருடைய ஆய்வில், ஒரே ஆள் படித்த இரண்டு வெவ்வேறு உரைகளை ஒன்றாகக் கலந்து இரண்டு காதுகளுக்கும் ஒலிக்கச் செய்தார். கேட்டவர்கள் திணறினார்கள். திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் ஓர் உரையைப் பிரித்தெடுக்க முடிந்தது. பிறகு ஓர் உரையை வலக்காதுக்கும் மற்றதை இடக்காதுக்கும் கொடுத்தார். சிரமமே இல்லை. வேண்டியதைக் கேட்டார்கள், மற்றதை விட்டுவிட்டார்கள். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்ற தகவல் இருக்கும்வரை மூளை பிரித்தறியும் வேலையை நன்றாகச் செய்கிறது.

மிக்சர் செய்வது செர்ரியின் முதல் சோதனையைத்தான். எட்டுத் திசைகளிலிருந்து வந்ததை ஒரே கம்பியில் கொட்டி ஒரே ஸ்பீக்கர் வழியாக வெளியே விடுகிறது. திசை அழிந்துவிடுகிறது. கலந்தபின் மின்விசிறியைத் தனியாகவும் குரலைத் தனியாகவும் வைக்கக் கேட்பவரின் மூளை திணறுகிறது. ஆகவே பிரிக்கும் வேலை கலப்பதற்கு முன்னாலேயே நடந்தாக வேண்டும். பல மைக்குகளைக் கையாளும் கலை முழுவதும் இந்த ஒரு கட்டாயத்திலிருந்து பிறந்தது.

கெடுதல் எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு மைக் பிடிக்கும் சுற்றுச்சத்தத்தின் ஆற்றலை 1 என்று கொள்வோம். இரண்டு மைக் திறந்திருந்தால் 2, நான்கு என்றால் 4, எட்டு என்றால் 8. டெசிபெல் அளவில் ஒவ்வோர் இரட்டிப்புக்கும் 3 டெசிபெல் கூடும். எட்டு மைக் திறந்து கிடந்தால் ஒற்றை மைக்கோடு ஒப்பிடும்போது இரைச்சல் 9 டெசிபெல் அதிகம். பேசுபவரின் குரல் அப்படிக் கூடுவதில்லை. அவர் தன் மைக்குக்கு மட்டுமே அருகில் இருக்கிறார். குரல் நின்ற இடத்தில் நிற்க, சத்தம் மட்டும் ஏறுகிறது.

ஊளைச் சத்தத்துக்கும் இதே கணக்குதான். மைக்கிலிருந்து பெருக்கிக்கு, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு, ஸ்பீக்கரிலிருந்து காற்று வழியாக மீண்டும் மைக்குக்கு என்று ஒலி ஒரு வட்டம் போடுகிறது. சுற்றி வந்த ஒலி புறப்பட்டதைவிடச் சற்றேனும் வலுவாக இருந்தால், ஏதோ ஓர் அதிர்வெண்ணில் அது தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு கீச்சிடத் தொடங்கும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சன் ஆராய்ந்ததால் இதற்கு லார்சன் விளைவு என்றும் பெயர் உண்டு. இப்படிப்பட்ட சுற்று எப்போது நிலைகுலையும் என்பதற்கான கணிதத்தை 1932இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் ஹாரி நைக்விஸ்ட் வகுத்துக் கொடுத்தார். அவர் மனத்தில் இருந்தவை தொலைபேசிப் பெருக்கிகள். ஆனால் கல்யாண மண்டபத்து மைக் செட்டும் அதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

திறந்திருக்கும் ஒவ்வொரு மைக்கும் ஸ்பீக்கரின் ஒலி உள்ளே நுழைய இன்னொரு வாசல். மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம், ஊளை இல்லாமல் எவ்வளவு உரக்க வைக்கலாம் என்ற எல்லை 3 டெசிபெல் கீழே இறங்குகிறது. எட்டு மைக் என்றால் 9, பதினாறு என்றால் 12. இந்த இழப்பு யாரிடமிருந்து கழிகிறது? பேசிக்கொண்டிருப்பவரின் குரலிலிருந்துதான். ஒலியமைப்பாளர் மொத்த அளவைக் குறைக்கிறார், பின்வரிசையிலிருந்து "கேக்கல" என்று குரல் வருகிறது, அவர் ஏற்றுகிறார், மைக் ஊளையிடுகிறது. அவர் திறமையில்லாதவர் என்று கூட்டம் முடிவு கட்டிவிடுகிறது. மேடையில் பேசாமல் திறந்து கிடக்கும் ஏழு மைக்குகளை யாரும் கவனிப்பதில்லை.

மூன்றாவது கெடுதல் நுணுக்கமானது. ஒருவரின் குரல் அவருடைய மைக்கையும் அடைகிறது, பக்கத்து மைக்கையும் அடைகிறது. இரண்டாவது வழி 34 சென்டிமீட்டர் நீளமாக இருந்தால், ஒலி அங்கே ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு நொடி தாமதமாகச் சேரும். இந்த இரண்டையும் கலந்தால் சில அதிர்வெண்களில் ஓர் அலையின் மேடும் மற்றதன் பள்ளமும் சந்தித்து ஒன்றையொன்று தின்றுவிடும். இந்த உதாரணத்தில் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். குரல் ஒரு குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் வெறுமையாகிவிடும். உயிரெழுத்துகளின் ஆற்றல் பெரும்பாலும் கீழ் அதிர்வெண்களில் இருக்கிறது. சொற்களைப் பிரித்துக்காட்டும் மெய்யெழுத்துகளின் தெளிவோ 1000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. பள்ளங்கள் அடுக்கடுக்காக விழுவது அங்கேதான். குரல் கேட்கும், சொல் புரியாது.

இதற்குத் தொழிலில் உள்ளவர்கள் ஒரு பழைய விதி வைத்திருக்கிறார்கள். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இரண்டு மைக்குகளுக்கு இடையே இருக்க வேண்டும். அப்படி வைத்தால் பக்கத்து மைக்கில் விழும் குரல் சுமார் 9.5 டெசிபெல் குறைந்துவிடும். பள்ளங்கள் முற்றிலும் மறையாது. ஆனால் பாதாளமாக இருந்தவை மூன்றரை டெசிபெல் ஆழத்துக்கு மேடேறிவிடும்.

எந்தக் கருவியும் வாங்காமல் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி ஒன்று உண்டு. மைக்கை வாய்க்கு அருகில் கொண்டுவருவது. தூரம் பாதியானால் நேரடியாக வந்து சேரும் குரல் 6 டெசிபெல் கூடுகிறது. மேசையில் 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும் மைக்கை 15 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 12 டெசிபெல் லாபம். பதினாறு மைக் திறந்து கிடப்பதால் இழந்த அவ்வளவையும் இந்த ஒரு கையசைவு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மேடை அலங்காரத்துக்காகப் பூச்சாடியை நடுவில் வைத்து மைக்கை ஓரத்துக்குத் தள்ளுகிறவர்கள் இந்த 12 டெசிபெல்லை நினைத்துப் பார்க்க வேண்டும். திசையறியும் மைக்குகளும் உதவும். இதய வடிவ ஏற்புடைய கார்டியாய்டு மைக், எல்லாத் திசையும் கேட்கும் மைக்கைவிடச் சுற்றுச்சத்தத்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை மட்டுமே ஏற்கும். முதுகுப்பக்கம் ஏறக்குறையச் செவிடு. ஸ்பீக்கர் அந்த முதுகுப்பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வது ஒலியமைப்பாளரின் வேலை.

இவ்வளவும் செய்தபிறகும் அடிப்படைக் கேள்வி மிச்சம் இருக்கிறது. பேசாத மைக்குகளை யார் மூடுவது?

மனிதக் கை மூடலாம். நாடகத்தில் அது சாத்தியம். அடுத்த வசனம் யாருடையது என்று பிரதியில் இருக்கிறது. கலந்துரையாடலுக்குப் பிரதி கிடையாது. யார் குறுக்கே பேசுவார், யார் பாதி வாக்கியத்தில் சிரித்துவிட்டு மற்றவருக்கு இடம் விடுவார் என்பது யாருக்கும் தெரியாது. ஒலி காதில் விழுந்து விரல் அசைவதற்கு நல்ல பயிற்சி உள்ளவருக்கும் சுமார் ஐந்தில் ஒரு நொடி ஆகும். எந்த மைக் என்று முடிவெடுக்க வேண்டியிருந்தால் இன்னும் கூடுதல். அதற்குள் ஓர் அசையோ இரண்டோ போய்விடும். தேர்ந்த ஒலியமைப்பாளர்கள் காதை நம்பாமல் கண்ணை நம்புகிறார்கள். பேசப்போகிறவர் மூச்சை இழுப்பார், நாற்காலியில் முன்னுக்கு நகர்வார், கை மைக்கை நோக்கிப் போகும். அதைப் பார்த்து, அந்த மைக்கின் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை முன்கூட்டியே ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரம் எட்டுப் பேரின் தோள்களையும் உதடுகளையும் இப்படிக் கவனித்துக்கொண்டே இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்பதை மேடையில் மாலை வாங்கிக்கொள்பவர்கள் அறிவதில்லை. மேடையே தெரியாத ஒரு மூலையில், தூணுக்குப் பின்னால் மிக்சரைப் போடச் சொல்வது அந்த வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதற்குச் சமம்.

இந்தச் சிக்கலை இயந்திரத்திடம் கொடுக்க நினைத்தவர் டான் டூகன். சான்பிரான்சிஸ்கோவில் அமெரிக்கன் கன்சர்வேட்டரி தியேட்டரில் 1960களின் பிற்பகுதியில் ஒலியமைப்புச் செய்தவர். 'ஹேர்' என்ற புகழ்பெற்ற இசைநாடகத்தின் தயாரிப்புகளிலும் பணியாற்றினார். மேடை முழுக்க மைக்குகள், ஓயாமல் நகரும் நடிகர்கள், ஒரு ஜோடிக் கை. எந்த மைக் தேவை என்பதை மின்சுற்றே கண்டுபிடித்தால் என்ன என்று யோசித்தார்.

முதலில் யாருக்கும் தோன்றும் வழி, வாசல் காவல். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டி ஒலி வந்தால் மைக் திறக்கட்டும், இல்லையேல் மூடிக்கிடக்கட்டும். கேட் எனப்படும் இந்தக் கருவி அப்போதும் இருந்தது. அதன் குறைகளும் தெரிந்தவையே. அளவைத் தாழ்வாக வைத்தால் கைதட்டலுக்கெல்லாம் எட்டு மைக்கும் திறந்துகொள்ளும். உயர்வாக வைத்தால் மெல்லப் பேசுபவருக்கு வாசல் திறக்காது. சொல்லின் முதல் ஒலி வந்தபிறகே கதவு திறப்பதால் தொடக்கத்து வல்லின மெய் தேய்ந்துபோகும்.

கேட் கருவியின் இன்னொரு தீங்கைத் தமிழ்ப் பேச்சில் வைத்துப் பார்க்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. உடன்பாடா மறுப்பா என்பதும் பெரும்பாலும் அங்கேதான் தெரிகிறது. "அந்தத் திட்டத்தை நான் எதிர்க்கவில்லை" என்று ஒருவர் சொல்லும்போது, குரல் இயல்பாகத் தாழ்கிற இடமும் அந்த "இல்லை"தான். கதவு சீக்கிரம் மூடிக்கொண்டால் பேசியவர் சொன்னதற்கு நேரெதிரானது அரங்குக்குப் போய்ச் சேரலாம். பிற மொழியினர் அமைத்துத் தந்த மூடும் நேரத்தை அப்படியே ஏற்காமல், நம் மேடைகளில் அதைச் சற்று நீட்டி வைப்பது நல்லது என்பேன்.

டூகன் முதலில், அரங்கின் பொதுச்சத்தத்தை அளப்பதற்கென்றே ஒரு தனி மைக்கை வைத்துப் பார்த்தார். அறை அமைதியாக இருந்தால் வாசலின் அளவு தாழும், இரைச்சல் கூடினால் உயரும். 1974இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதன்பின் அவர் கண்டடைந்தது அதைவிடவும் எளிமையானது. தனி மைக்கே வேண்டாம், வாசலும் வேண்டாம். எல்லா மைக்குகளின் கூட்டுத்தொகையையே அளவுகோலாகக் கொள். ஒவ்வொரு மைக்கின் ஒலியும் அந்தக் கூட்டுத்தொகையைவிட எத்தனை டெசிபெல் குறைவோ, அந்த மைக்கை அத்தனை டெசிபெல் தாழ்த்து. விதி அவ்வளவுதான். அதற்கான காப்புரிமை 1976இல் வந்தது.

எட்டு மைக் மேடையில் இதை ஓட்டிப் பார்ப்போம். யாரும் பேசவில்லை. எல்லா மைக்கிலும் ஒரே அளவு அறைச்சத்தம். கூட்டுத்தொகை ஒவ்வொன்றைவிடவும் 9 டெசிபெல் அதிகம், ஆகவே ஒவ்வொரு மைக்கும் 9 டெசிபெல் தாழ்கிறது. எட்டும் சேர்ந்து ஒற்றை மைக் அளவுக்கே சத்தம் தருகின்றன. இப்போது ஒருவர் பேசுகிறார். அவர் மைக்கில் மற்றவற்றைவிட 20 டெசிபெல் அதிக ஒலி. கூட்டுத்தொகை ஏறக்குறைய அவர் குரலேதான். எனவே அவர் மைக் 0.3 டெசிபெல் மட்டுமே தாழ்கிறது, அதாவது ஏறக்குறைய முழு அளவிலேயே நிற்கிறது. மற்ற ஏழும் 20.3 டெசிபெல் கீழே போய்விடுகின்றன. இருவர் சம அளவில் ஒரே நேரம் பேசினால் ஆளுக்கு 3 டெசிபெல் குறையும், இருவருமே கேட்பார்கள். எந்த நிலையிலும் எட்டு மைக்குகளின் பங்குகளைக் கூட்டினால் சரியாக ஒன்றுதான் வரும். ஏரி மதகில் ஓடும் தண்ணீர் மாறாதிருக்க, முறை வைத்து அதை வயல்களுக்குப் பிரித்துவிடுவதைப் போன்றது இது. மேடையில் எத்தனை மைக் இருந்தாலும் ஊளையின் கணக்கில் அது ஒரே ஒரு மைக்.

எதுவும் திறப்பதோ மூடுவதோ இல்லை என்பதுதான் இதன் அழகு. பங்குகள் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கின்றன. மின்விசிறியின் இரைச்சல் ஏறி இறங்காமல் ஒரே சீராகக் கேட்பதால், பின்னணியில் ஏதோ நடக்கிறது என்பதே கேட்பவருக்குத் தெரியாது. இன்று யமஹாவின் சிஎல், க்யூஎல் வகை டிஜிட்டல் மிக்சர்களில் இந்த வசதி டூகனின் பெயரோடே வருகிறது. வேறு நிறுவனங்களும் இதே கொள்கையில் தானியங்கிக் கலவையைத் தருகின்றன. டூகன் பின்னாளில் காடுகளின், பறவைகளின் ஒலிகளைப் பதிவுசெய்வதில் ஈடுபட்டார். இரைச்சலிலிருந்து குரலைக் காப்பாற்ற வழி கண்டவருக்கு அது பொருத்தமான நாட்டம்.

ஆனால் இந்த விதிக்குள் ஒரு பக்கச் சாய்வு இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருவர் குரல் மற்றவரைவிட 10 டெசிபெல் உரத்தது. உரத்தவர் 0.4 டெசிபெல் தாழ்கிறார், மெல்லியவர் 10.4 டெசிபெல் தாழ்கிறார். உள்ளே போகும்போது 10 டெசிபெல்லாக இருந்த வித்தியாசம் வெளியே வரும்போது 20 ஆகிவிடுகிறது. எந்த அளவில் வைத்துப் பார்த்தாலும் இப்படித்தான். வித்தியாசம் டெசிபெல் கணக்கில் இரட்டிக்கும். பக்கத்து மைக்கில் விழும் குரலுக்கு இது வரம். மும்மடங்கு விதியால் கிடைத்த 9.5 டெசிபெல் இடைவெளி 19 ஆகிறது, பள்ளங்கள் ஒரு டெசிபெல் அளவுக்குச் சுருங்கிக் காதுக்கே தெரியாமல் போகின்றன. மெல்லிய குரல் உடையவருக்கு அதே கணிதம் சாபம். அவர் குறுக்கிட்டுப் பேச முயன்றால் அரங்கில் யாருக்கும் கேட்காது. உரத்த குரல்காரர் தொடர்ந்து பேசுவார். அவருக்கு வாதத்திறமை அதிகம் என்று பார்வையாளர்கள் எண்ணிக்கொள்வார்கள்.

தீர்வு இயந்திரத்துக்கு முன்னால் இருக்கிறது. ஒவ்வொரு மைக்கின் நுழைவுப் பெருக்கத்தை, மிக்சரின் உச்சியில் கெயின் என்று எழுதியிருக்கும் அந்தக் குமிழை, தனித்தனியாக வைக்க வேண்டும். மெல்லப் பேசுபவருக்கு அதிகம், கர்ஜிப்பவருக்குக் குறைவு. எட்டுக் குரல்களும் ஒரே அளவில் தானியங்கிக்குள் நுழைந்தால் அது எட்டுப் பேரையும் சமமாகவே நடத்தும். எட்டுக் குமிழ்களையும் ஒரே கோட்டில் நிறுத்திவைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும், கேட்க அநியாயமாக இருக்கும்.

வேண்டுமென்றே ஒருவருக்குக் கூடுதல் பங்கு தரவும் முடியும். பட்டிமன்றத்தில் நடுவருக்கு அது அவசியம். மூன்று பேருக்கு மூன்று பேர் என்று எதிரெதிர் அணிகள் மோதிக்கொள்ளும்போது, நேரம் முடிந்தது என்று அவர் சொல்வது எல்லாருக்கும் கேட்டாக வேண்டும். தானியங்கியில் அவர் மைக்குக்கு மட்டும் எடை கூட்டி வைத்தால், அவர் வாயைத் திறந்ததும் மற்றவர்கள் தாமாகவே சற்றுத் தணிவார்கள்.

இயந்திரத்தால் முடியாதவையும் உண்டு. இருமலுக்கும் கருத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. மைக்கின் மேல் விழும் மேல்துண்டின் உரசலையும் பேச்சாகவே எடுத்துக்கொள்ளும். வாயிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் மைக்கை அதனால் நல்ல மைக்காக்க முடியாது. ஒன்றுபட்டு ஒலிக்க வேண்டிய சேர்ந்திசையை அதனிடம் கொடுக்கவே கூடாது, யாரோ ஒருவரை முன்னுக்கு இழுத்துவிடும். இணையம் வழியாகச் சேர்ந்துகொள்பவர் இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. அவருக்கு அனுப்பும் கலவையில் அவர் குரலைத் தவிர மற்றவை மட்டுமே இருக்க வேண்டும். இல்லையேல் தான் பேசியது அரை நொடி கழித்துத் தனக்கே திரும்பி வந்து, அவர் திக்கித் தடுமாறுவார்.

கலந்துரையாடல் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலியமைப்பாளருக்கு மேடை தெளிவாகத் தெரியும் இடத்தைக் கொடுங்கள். கூட்டம் தொடங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பாகப் பேச்சாளர்களை அவரவர் நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொருவரையும் அரை நிமிடம் பேசச் சொல்லுங்கள். "மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்று வேறொருவர் உரக்கச் சொல்வதால் பயனில்லை. அந்தக் குமிழ் அமைய வேண்டியது மேடையில் பேசப்போகிறவரின் குரலுக்கு. அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று தன் வழக்கமான குரலில் சொன்னால் போதும். மெல்லப் பேசுபவரிடம் சத்தமாகப் பேசுங்கள் என்று கேட்காதீர்கள். அவருடைய மைக்கை ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுவந்து, குமிழை ஏற்றிக்கொடுக்கச் சொல்லுங்கள்.